வெளிவேடமா? வாழ்வுச் சான்றா? – பிறர் பார்வையில் கிறிஸ்தவர்கள்



"படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோவில்" என்பது நம் ஊரில் வழங்கும் பழமொழி. வாயில் ஒன்றும் வாழ்வில் வேறொன்றுமாக இருப்பவர்களைச் சுட்டிக்காட்ட இதைச் சொல்வார்கள். மலைக்கோட்டையும் திருவரங்கமும் நத்தர்வலி தர்காவும் லூர்து அன்னை ஆலயமும் அருகருகே இருக்கும் நகரம் நம் திருச்சி. இங்கே நாம் யாரும் தனித்து வாழ முடியாது. நம் வழிபாடும் தேர்பவனியும் நம் வீட்டுத் திருமணமும் அடக்கமும் பிற சமயத்தவரின் கண்ணெதிரேதான் நடக்கின்றன. அவர்களில் பலர் நம்மை மதிக்கிறார்கள். சிலர், "இவர்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று" என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டு ஏன் எழுகிறது? இதற்கு நாம் எப்படிப் பதில் தர வேண்டும்? சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

வெளிவேடம் என்றால் என்ன?

நற்செய்தியில் 'வெளிவேடக்காரர்' என்று மொழிபெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் மேடை நடிகர் என்பதாகும். முகமூடி அணிந்து, தான் அல்லாத ஒருவராகத் தன்னைக் காட்டிக்கொள்பவர் அவர். இயேசு பாவிகளைக் கடிந்துகொண்டதைவிட இவர்களையே அதிகம் கடிந்துகொண்டார் (மத் 23). வரிதண்டுபவரோடு பந்தியில் அமர்ந்த அவர், பிறர் காண வேண்டுமென்று தெருமுனையில் நின்று செபித்தவர்களை ஏற்கவில்லை (மத் 6:5).

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். நல்லதைச் செய்ய விரும்பியும் தவறி விழுபவர் பாவி. விழுந்ததை மறைத்து, விழாதவர்போல் பிறருக்குப் போதிப்பவர் வெளிவேடக்காரர். திருச்சபை பாவிகளின் கூட்டம் என்பதில் நமக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு திருப்பலியையும் பாவ அறிக்கையோடுதான் தொடங்குகிறோம். அந்த அறிக்கை வாயோடு நின்றுவிடும்போதுதான் வெளிவேடம் பிறக்கிறது.

பிறர் காண்பது என்ன?

நம்மை நோக்கி வைக்கப்படும் குறைகளை நேர்மையாகப் பட்டியலிடுவோம். அன்பைப் போதிக்கும் நாம் திருமணப் பேச்சில் வரதட்சணை கேட்கிறோம். ஏழைகளுக்காக என்று தொடங்கிய நம் கல்விக்கூடங்களின் வாசலில் ஏழைகள் தயங்கி நிற்க நேர்கிறது. திருவிழாவில் மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடும் நாம், பங்கிலுள்ள நோயாளியின் மருத்துவச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறோம். சிறியோரைக் காக்க வேண்டிய அருள்பணியாளர்கள் சிலரே உலகின் பல நாடுகளில் அவர்களைச் சீரழித்தார்கள். பொறுப்பிலிருந்தோர் அதை மூடி மறைத்தார்கள். இதற்குத் தீர்வு காண மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட சட்டத்திற்கு, உலகிற்கு ஒளியாய் இருப்பது பற்றிய மலைப்பொழிவின் சொற்களையே (மத் 5:14) தலைப்பாக வைத்தார். மூடி மறைப்பது ஒளிக்கு எதிரானது என்பதை அந்தத் தலைப்பே சொல்கிறது.

ஆனால் தமிழகத்தில் நம்மீது விழும் குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது சாதி.

சுவர்கள் பேசுகின்றன

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் வரலாறு பலருக்குத் தெரியும். சாதிக்கொரு பகுதியாக மக்கள் பிரிந்து அமரும்படி, நடுவே சுவரோடு, இரு கால்களைப்போல விரிந்த வடிவில் 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஆலயம் கட்டப்பட்டது. அன்று அவ்வூர் நம் திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இயேசு சபை மறைப்பணியாளர் கௌசானல் அடிகளார் 1910-இல் அந்தச் சுவரை அகற்றினார். தங்களுக்குத் தனி இடம் வேண்டுமென்று கேட்டவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அவர்களுடைய உரிமைக்கோரிக்கை அங்கே ஏற்கப்படவில்லை. பலிபீடத்தின் முன் அனைவரும் சமம் என்பதை நமக்குச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில் தலித் கத்தோலிக்கர், தங்களுக்கு மறுக்கப்பட்ட சம உரிமையை முன்னிட்டுத் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று அங்கே மோதல் வெடித்து, காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அது தவக்காலம் என்பதையும் நினைவில் கொள்வோம். ஒரே ஞானத்தொட்டியில் திருமுழுக்குப் பெற்று, ஒரே அன்னையின் பெயரால் செபமாலை சொன்னவர்கள் எதிரெதிரே நின்றார்கள்.

நம் நகரிலும் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியால் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் நாடறிந்த செய்தியாயிற்று. இறந்தோரின் உயிர்ப்பை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுபவர்கள் நாம். இறந்தபின்னும் சேர்ந்து உறங்க மாட்டோம் என்று சுவர் எழுப்பினால், நம்பிக்கை அறிக்கைக்கு என்ன பொருள்? அந்தச் சுவருக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் கடவுள் மறுப்பாளர்களும் இருந்தனர். நம் நற்செய்தியை நமக்கே நினைவூட்ட அவர்கள் வர வேண்டியிருந்தது.

ஒரு முரண்பாடு

1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமைகளைச் சமய அடிப்படையில் வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இந்த அநீதியை எதிர்த்துத் திருச்சபை ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. இது நியாயமான போராட்டம். ஆனால் நாம் ஊர்வலம் போகையில் சாலையோரத்தில் நிற்பவர், "அரசிடம் சமத்துவம் கேட்கிறீர்களே, உங்கள் கல்லறையில் அது இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? நம் வீட்டில் இல்லாத நீதியை அரசிடம் கேட்கும்போது நம் குரல் கம்மிவிடுகிறது. பாதிக்கப்பட்ட நம் மக்களின் வழக்கை நாமே வலுவிழக்கச் செய்கிறோம்.

இறைவார்த்தையும் திருச்சபையும் சொல்வது

பந்தியில் பிரிவினை என்பது திருச்சபை தொடக்கத்திலேயே சந்தித்த சிக்கல். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தவரோடு உணவருந்தி வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். மற்ற யூதரும், பர்னபாவும்கூட அவர்வழி போயினர். பவுல் இதற்கு இட்ட பெயர்: வெளிவேடம். அதை எல்லார் முன்னிலையிலும் பேதுருவின் முகத்துக்கு நேராகச் சொன்னார் (கலா 2:11-14). பேதுருவுக்குக் கொள்கையில் ஐயமில்லை என்பதைக் கவனியுங்கள். 'நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்' என்ற அச்சமே அவரை விலக வைத்தது. நம்மில் பலருடைய நிலையும் இதுதான். சாதி தவறு என்று நமக்குத் தெரியும். உறவினர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுகிறோம்.

பொன் மோதிரம் அணிந்தவருக்கு இருக்கையும் ஏழைக்குக் கால்மணையும் காட்டும் சபையை யாக்கோபு கண்டிக்கிறார் (யாக் 2:1-4). போதிப்பதைச் செய்யாதவர்களால் கடவுளின் பெயரே பிற இனத்தாரிடையே இகழப்படுகிறது என்கிறார் பவுல் (உரோ 2:21-24).

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965-இல் இதை ஏற்றுக்கொண்டது. கடவுள் மறுப்பு தோன்றுவதில் நம்பிக்கை கொண்டோருக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்கள் தம் வாழ்வின் குறைகளால் கடவுளின் உண்மை முகத்தை மறைத்துவிடுகிறார்கள் என்று 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு (எண் 19) கூறுகிறது. 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்த புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே நிலவும் சாதிப் பாகுபாடு உண்மையான ஆன்மீகத்துக்கு அச்சுறுத்தல் என்றும் நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்றும் எச்சரித்தார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஏட்டில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆவணங்கள் நம்மிடம் உண்டு. அவை பங்குக்கும் தெருவுக்கும் வீட்டுக்கும் இறங்கி வர வேண்டும்.

நாம் எப்படிப் பதில் தருவது?

முதலாவதாக, கோபப்படாமல் கேட்க வேண்டும். "எல்லா மதத்திலும்தான் இருக்கிறது" என்பது பதிலாகாது. மற்றவர் வீட்டுக் குப்பை நம் வீட்டைச் சுத்தமாக்காது. நம்மைக் குறை சொல்பவர், ஒரு வகையில், கிறிஸ்துவை அறிந்தே சொல்கிறார். அவருடைய அன்பையும் எளிமையையும் கேள்விப்பட்டதால்தான் அவற்றை நம்மிடம் எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை.

இரண்டாவதாக, உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-ஆம் யூபிலி ஆண்டில், மார்ச் 12 அன்று, இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபை அதனால் சிறுமைப்படவில்லை. எல்லாக் குற்றச்சாட்டும் உண்மையல்ல. பொய்யானதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் மறுக்கலாம் (1 பேது 3:15-16). உண்மையானதை மறுக்கக் கூடாது.

மூன்றாவதாக, மனமாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

குடும்பத்தில்: பிள்ளைகளுக்கு வரன் தேடும் விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயரை எழுதுவதை நிறுத்துவோம். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் பாவம் என்று பிள்ளைகளிடமே சொல்வோம். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், அதை இன்றே அப்புறப்படுத்துவோம்.

அன்பியத்தில்: கூட்டம் எல்லார் வீட்டிலும் முறைவைத்து நடக்கட்டும். செபம் முடிந்ததும் அந்த வீட்டில் தருவதை அனைவரும் உண்போம். அந்தியோக்கியாவில் முறிந்தது பந்தி. நாம் சரிசெய்ய வேண்டியதும் பந்தியே.

பங்கில்: பங்குப் பேரவை, பாடகர் குழு, பீடச்சிறுவர், திருவிழாப் பொறுப்பு ஆகிய அனைத்திலும் எல்லாத் தெருவினருக்கும் இடம் உண்டா என்று பார்ப்போம். கல்லறைத் தோட்டம் பொதுவாக இருக்கட்டும். வரவு செலவுக் கணக்கு மக்கள் முன் வைக்கப்படட்டும். திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஏழை மாணவரின் படிப்புக்கு ஒதுக்குவோம்.

கே.கே. நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு ஒரு தனி அழைப்பு உண்டு. மணப்பாறை, புதுக்கோட்டை, அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து இங்கே குடியேறியவர்கள் நம்மில் பலர். இங்கே ஊர்த்தெரு, சேரித்தெரு என்ற பிரிவு இல்லை. யாருக்கு அருகில் யார் என்று பாராமல் ஆலயத்தில் அமர்கிறோம். இது நல்லது. ஆனால் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போனதும் பழைய தெருக்கணக்குக்குத் திரும்பிவிட்டால், நகரத்துச் சமத்துவம் இன்னொரு முகமூடியாகிவிடும். இங்கே கற்ற சகோதரத்துவத்தை ஊருக்கும் கொண்டு செல்வோம். வரிக்குக் கையெழுத்திடும் முன், "கல்லறை எல்லாருக்கும் பொதுவா?" என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டாலே போதும், ஒரு தொடக்கம் கிடைக்கும்.

சான்று வாழ்வே பதில்

இக்கால மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிகொடுக்கிறார்கள் என்பது புனித திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் தந்த படிப்பினை. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பிற சமயத்தவர் இலட்சக்கணக்கில் வருகிறார்கள். தொழுநோயாளரின் புண்களைக் கழுவிய கன்னியரை அவர்கள் மறந்துவிடவில்லை. நம் புத்தகங்களைப் படிக்காதவர்களும் நம் வாழ்வைப் படிக்கிறார்கள்.

இவ்வாரம் அன்பியங்களில் இக்கேள்விகளைச் சிந்திப்போம்: எந்தச் செயலில் நம் சொல்லும் வாழ்வும் பிரிந்து நிற்கின்றன? நம் பங்கில் இன்னும் நிற்கும் சுவர், கண்ணுக்குத் தெரிவதோ தெரியாததோ, எது? அதை அகற்ற யாரிடம் நாம் முதலில் பேச வேண்டும்?

காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, போய்ச் சகோதரரோடு ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர் (மத் 5:23-24). அடுத்த ஞாயிறு பலிபீடத்தை நெருங்கும் முன் அந்த ஒரு வாசலுக்குப் போய் வருவோம். நடிக்காமல் நம்புவதற்கும், நம்புவதை வாழ்வதற்கும் இறைவன் நமக்கு அருள்தருவாராக. ஆமென்.