ஒன்பதடியிலிருந்து இறங்குதல்

கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் நடுவே இருக்கிற பாபநாசத்துக்காரனுக்கும் கடலலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. எங்களூர்ப் பக்கம் ஓடுபவை குடமுருட்டியும் திருமலைராஜனும். மேட்டூரில் தண்ணீர் திறந்த காலத்தில் சுழல் உண்டு, மற்ற மாதங்களில் மணல் உண்டு, அலை எந்த மாதத்திலும் கிடையாது. அப்படியிருக்க, சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஒன்பதடிப் பலகையிலேர்ந்து சின்னதுக்கு மாறலாம்னு பார்க்கறேன். ஆறடி வாங்கறதா, ஏழரை அடி வாங்கறதா, ஒண்ணும் புரியலை" என்றான். இரண்டு ஆண்டுகளாகச் சனி ஞாயிறுகளில் கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகி வருகிறவன். பலகையில் ஒரு நாளும் நின்றறியாத என்னைக் கேட்டதற்குக் காரணம், பழைய படகுகளையும் மிதவைகளையும் பற்றி நான் சேர்த்து வைத்திருக்கும் புத்தகங்கள்தாம். அவனுக்கு அன்றிரவு நான் சொன்னது அரைகுறை. மிச்சத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்வோம். அலைச்சறுக்குக்காரர்கள் லாங்போர்டு என்று சொல்வது ஏறக்குறைய ஒன்பதடியும் அதற்கு மேலும் நீளமுள்ள பலகை. ஷார்ட்போர்டு என்பது ஆறடியும் சொச்சமும். இரண்டுக்கும் இடையே, ஆறே முக்கால் அடியிலிருந்து எட்டடி வரை உள்ளதை மிட்-லெங்த் என்கிறார்கள். நடுப்பலகை என்று சொல்லிக்கொள்ளலாம். நீளமான பலகை நீரில் அதிக தூரம் படிந்து கிடப்பதால் கையால் துழாவும்போது வேகமாக வழுக்கிச் செல்லும். அலை இன்னும் முறியாமல் வெறும் மேடாக வரும்போதே அதில் ஏறிவிடலாம். திருப்புவதுதான் கஷ்டம். குட்டைப் பலகை சொன்ன பக்கம் திரும்பும், ஆனால் அலை செங்குத்தாக எழும்பும் அந்தக் கணத்தில்தான் அதில் ஏற முடியும், கணம் தப்பினால் அலையும் தப்பியது. ஆகவே நீளத்தைக் குறைக்கிறவன் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறான். எவ்வளவு கொடுத்து எவ்வளவு வாங்குவது என்பதுதான் அக்கா மகனின் குழப்பம். இதே குழப்பத்தில் அலைச்சறுக்கு உலகம் முழுவதும் ஒரு முறை விழுந்து எழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஹவாயிக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பழைய ஹவாயில் பலகையின் நீளத்தை அலை மட்டும் தீர்மானிக்கவில்லை, பிறப்பும் தீர்மானித்தது. ஓலோ என்ற நெடும்பலகை குலத்தலைவர்களுக்கு உரியது. பதினைந்து அடி, அதற்கு மேலும் போகும். சாதாரண மக்கள் ஏறியது அலாயா என்ற மெல்லிய, குட்டையான பலகை. குழந்தைகள் மார்பை வைத்துச் சறுக்கியது பைப்போ என்ற சிறு துண்டு. ஓலோவுக்கு அவர்கள் விரும்பிய மரம் விலிவிலி. தாவரவியலில் அது எரித்ரினா பேரினம், அதாவது நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம். வேலியோரத்தில் முள்ளும் சிவந்த பூவுமாக நிற்குமே, கல்யாணப் பந்தலில் கிளையை ஒடித்து நடுவோமே, அந்த மரத்தின் பங்காளிதான் பசிபிக் கடலில் தலைவர்களைச் சுமந்தது. காய்ந்தால் தக்கைபோல் இலேசாகிவிடும் என்பதுதான் அதன் பெருமை. 1820-ல் மிஷனரிகள் வந்திறங்கிய பிறகு, நோயாலும் மாறிய வாழ்க்கையாலும் ஹவாய் மக்கள்தொகை சரிய, விளையாட்டும் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது மறுபடி தலைதூக்கியது. நீச்சல் வீரர் டியூக் கஹனமோகு ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னிக்கு அருகே ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் தாமே செதுக்கிய பலகையில் ஏறிக் காட்டியது 1914-15 கோடையில்.

நம் கரையில் இதற்கு இணையானது கட்டுமரம். இணை என்று நான் சொல்வது அலையில் ஏறி வருவதை மட்டும் அல்ல. சென்னையில் துறைமுகம் இல்லாத நாட்களில், முறியும் அலைகளைக் கடந்து கப்பலுக்குப் போகவும் வரவும் மசூலாப் படகும் கட்டுமரமும்தாம் இருந்தன. ஒரு மரத்தில் மண்டியிட்டோ நின்றோ துடுப்புப் போட்டுக்கொண்டு அலையின் முதுகில் கரைக்கு வரும் மீனவரை ஐரோப்பியப் பயணிகள் பலரும் வியந்து எழுதினார்கள். எனக்கு வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. கட்டுமரம் என்பது ஒரே பொருள் அல்ல, கட்டும்போதுதான் அது மரமாகிறது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஊறிய கட்டை கனக்கும், காய்ந்தால் மறுபடி மிதக்கும். மூன்று கட்டையா, நான்கா, கூட ஒன்று சேர்ப்பதா என்பதைப் போகிற தொழிலையும் ஏறுகிற ஆளையும் வைத்துத் தீர்மானித்தார்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியபோது, கட்டுமரம் கரைக்குக் கரை எப்படி மாறுபடுகிறது என்பதற்கு நிறைய இடம் கொடுத்தார். அளவு என்பது மாற்றிக்கொள்ளக் கூடியது என்ற ஞானம் அந்தக் கயிற்றிலேயே இருந்தது. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்தில் புகுந்து இரட்டை உடல் படகுக்குப் பெயராகிப்போனது தனிக்கதை.

இனி இருபதாம் நூற்றாண்டு. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் ஹவாய் அருங்காட்சியகத்தில் பழைய ஓலோக்களைப் பார்த்து, அதே நீளத்தில் உள்ளே கூடான பலகைகளைச் செய்தார். 1935-ல் பலகையின் அடியில் சிறு செதில் ஒன்றைப் பொருத்தியவரும் அவரே. அதுதான் ஃபின். அதற்கு முன் பலகையைத் திருப்ப ஒரு காலை நீரில் விட்டு இழுக்க வேண்டும். ஃபின் வந்த பிறகு வால்பகுதி நீரைப் பிடித்துக்கொண்டு நின்றது, நீளத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கே அதற்குப் பிறகுதான் வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பால்சா மரமும் கண்ணாடியிழையும் சேர்ந்து எடையைக் குறைத்தன. கலிபோர்னியாவின் மாலிபு கரையில் உருவான ஒன்பது, பத்தடிப் பலகைகளை அமெரிக்க உயிர்காப்புக் குழுவினர் 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். நீண்ட பலகையை இன்றும் அங்கே 'மால்' என்று அழைப்பது அதனால்தான். 1950-களின் கடைசியில் பால்சாவின் இடத்தை பாலியூரித்தேன் ஃபோம் பிடித்தது. செதுக்குவது சுலபமாயிற்று. சுலபமானதும் ஆளுக்கு ஆள் செதுக்கத் தொடங்கினார்கள்.

1966-ல் சான் டியாகோவில் உலகப் போட்டி. அந்நாளைய லாங்போர்டுக் கலையின் உச்சம் பலகையின் மூக்குவரை நடந்துபோய் விரல்களைத் தொங்கவிட்டு நிற்பது. அதில் நிபுணரான டேவிட் நுயிவா வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வென்றவர் ஆஸ்திரேலியர் நாட் யங். அவர் பலகையின் பெயர் 'மேஜிக் சாம்'. ஒன்பதடி நான்கு அங்குலம், ஆனால் வழக்கத்தைவிட மெலிந்தது. ஜார்ஜ் கிரீனோ என்ற கலிபோர்னியர் சூரைமீனின் துடுப்பைப் பார்த்து வடித்த, வளைந்து கொடுக்கும் ஃபின்னின் வழியில் வந்தது அதன் ஃபின். நடந்து நிற்பதற்குப் பதில் அவர் பலகையை வளைத்து வளைத்து ஓட்டினார். மறு ஆண்டு பாப் மெக்டாவிஷ் அடிப்பாகத்தில் 'வி' வடிவம் கொடுத்து நீளத்தை வெட்டினார். ஹவாயில் டிக் புரூயர் தம் வழியில் வெட்டினார். 1970 வாக்கில் ஆறடியும் சொச்சமுமே நாகரிகம். பழைய லாங்போர்டின் கண்ணாடியிழையை உரித்து, உள்ளே இருந்த ஃபோமை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்ட இளைஞர்கள் ஏராளம். எட்டடி, ஏழரை அடிப் பலகைகள் அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் பிறந்து, என்ன செய்ய வல்லவை என்று யாரும் நின்று பார்ப்பதற்குள் பழசாகிப்போயின. ஏணிப்படிபோல் மிதித்துவிட்டு மேலே போய்விட்டார்கள்.

டெல்டாக்காரனுக்கு இந்த இடத்தில் வேறொன்று ஞாபகம் வரும். நாட் யங் வென்ற அதே 1966-ல்தான் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வெளிவந்தது. எங்களுக்குப் பக்கத்து ஆடுதுறையின் ஏ.டி.டி.27-ம் அந்தக் காலத்துப் பேச்சுதான். ஆளுயரம் வளர்ந்து காற்றுக்குச் சாயும் சம்பாவின் இடத்தில், உரத்தைத் தாங்கிச் சாயாமல் நிற்கும் குட்டை நெல் வந்தது. விளைச்சல் கூடியதில் சந்தேகமில்லை. ஆனால் வைக்கோல் குறைந்தது. மாட்டுக்கும் கூரைக்கும் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. பிற்பாடு ஊர் விரும்பி ஏற்ற பொன்னி, குட்டை நெல்லைவிட உயரமானது. சாயும் என்று தெரிந்தேதான் நட்டார்கள். உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். உயரத்தைக் குறைத்தபோது கூடவே போனது என்ன என்பதைப் பத்திருபது ஆண்டு கழித்தே மனிதர்கள் பட்டியலிடுகிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பலகை விஷயத்தில் போனது துழாவும் வேகமும், மெலிந்த அலையிலும் வழுக்கிச் செல்லும் சுகமும். 1981-ல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த 'த்ரஸ்டர்' பலகையோடு பெல்ஸ் கடற்கரைப் போட்டியை வென்ற பிறகு குட்டைப் பலகையின் ஆட்சி உறுதிப்பட்டது. 1990-களில் கெல்லி ஸ்லேட்டர் தலைமுறையின் பலகைகள் உருளைக்கிழங்கு வறுவல்போல் மெலிந்து வளைந்தன. போட்டி வீரருக்கு அது சரி. அவரைப் பார்த்து அதையே வாங்கிய அலுவலகக்காரர்கள் அலையில் ஏறியதைவிட அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே அதிகம். ஏழெட்டு அடிப் பலகை என்றால் கற்றுக்குட்டிக்கு என்று ஓர் இளக்காரமும் சேர்ந்துகொண்டது. 2005 டிசம்பரில் அமெரிக்காவின் பெரும்பான்மை ஃபோம் கட்டிகளை வார்த்துவந்த கிளார்க் ஃபோம் திடீரென்று மூடியபோது, செதுக்குகிறவர்கள் வேறு பொருள்களைத் தேட நேர்ந்தது. பழைய வடிவங்களைத் தூசி தட்டும் ஆர்வமும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடுப்பலகை மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறது. 1968-ல் பாதியில் விட்ட வேலையைத் தொடர்கிறார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இந்த வரலாற்றை வைத்து அவனுக்கு என்ன சொல்வது? அவன் எடை எழுபத்திரண்டு கிலோ. இப்போதுள்ள பலகை ஒன்பதடி இரண்டு அங்குலம், கொள்ளளவு ஏறக்குறைய எழுபது லிட்டர். ஆறடிப் பலகைகளில் முப்பது லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பாதிக்கு மேல் மிதப்பை ஒரே நாளில் இழந்தால், இரண்டு வருடம் பழகிய கை துழாவத் தெரியாத கையாகிவிடும். ஏழரையிலிருந்து ஏழே முக்கால் அடி, அகலம் இருபத்தொன்றரை அங்குலத்துக்குக் குறையாமல், ஐம்பது லிட்டரை ஒட்டி எடுக்கச் சொன்னேன். நீளத்தைவிட முக்கியமானது மிதப்பு எங்கே இருக்கிறது என்பது. மார்புக்குக் கீழே கனமும் அகலமும் இருந்தால்தான் லாங்போர்டில் பழகியவனுக்கு அலை முன்கூட்டியே கிடைக்கும். மூக்கு அதிகம் மேல்நோக்கி வளைந்திருந்தால் பலகை தண்ணீரைத் தள்ளும், வழுக்காது. ஒற்றைப் பெரிய ஃபின்னும் பக்கத்துக்கு ஒரு சிறு ஃபின்னும் உள்ள அமைப்பு பழைய நேரோட்டத்தையும் புதிய பிடிப்பையும் சேர்த்துத் தரும். மூக்குவரை நடந்துபோகிற விளையாட்டை மறந்துவிட வேண்டும். பின்காலை ஃபின்னுக்கு மேலே கொண்டுபோய் வைத்தால்தான் அது திரும்பும். பாதங்கள் இதைக் கற்க ஒரு பருவம் பிடிக்கலாம்.

கோவளத்து அலையும் இதற்குச் சாதகமானது. பாறைமுனையில் தொடங்கி வலப்பக்கமாக உரிந்துகொண்டே போகும் அலை அது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் நீண்ட அலைகள் கோடை தொடங்கிப் புரட்டாசி வரை இங்கே எட்டிப் பார்க்கும். வடகிழக்குப் பருவத்தில் காற்றோடு கலங்கிய அலை வரும். (நாகைப் பக்கம் தெற்கத்தி அலையை இலங்கை ஓரளவு மறைத்துவிடுவதால், எங்கள் டெல்டாக் கரைக்கு இந்த யோகம் குறைவு.) பெரும்பாலான நாட்களில் இடுப்பளவு, மார்பளவுதான். அத்தகைய அலைக்கு ஆறடியோடு போகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

அந்தக் கோவளத்தில் அலைச்சறுக்கை ஊன்றியவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். சிறுவயதில் கிடைத்த மரப்பலகையில் அலையேறிப் பழகியவர். 2012-ல் அங்கே பள்ளி தொடங்கியது, 2013-ல் அலைத் திருவிழா. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கத்தைப் பெற்றார். கற்றுக்கொடுப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் கட்டையைக் கூட்டியும் குறைத்தும் கட்டியவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரங்கள் பல ஊர்களில் கரையிலிருந்தே மறைந்தன. கண்ணாடியிழைப் படகு வேகமானது, வசதியானது, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அதை அவிழ்த்துக் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

அக்கா மகன் கடைசியில் யாரோ பயன்படுத்திய ஏழடி எட்டங்குலப் பலகை ஒன்றை வாங்கியிருக்கிறான். முதல் வாரம் ஒரு அலைகூடக் கிடைக்கவில்லையாம். மூன்றாவது வாரம் ஒரே அலையில் இரண்டு முறை திரும்பினேன் மாமா என்றான். பழைய ஒன்பதடியை விற்றுவிட்டாயா என்று கேட்டேன். வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறானாம். ஏப்ரலில் அலை சிறுத்திருக்கும் நாட்களுக்கு வேண்டியிருக்கும் என்கிறான்.