கெட்ட குமாரனும் நம் தாய்மொழியும்

உவமை கூறி அறம் உணர்த்துதல் தமிழர்க்குப் புதிதன்று. ஏசுபிரானும் விதைப்பவன், கடுகு விதை, காணாமற்போன ஆடு என எளியோர் அறிந்த பொருள்களைக் கொண்டே போதித்தார். அவற்றுள் ‘கெட்ட குமாரன்’ உவமை தமிழுக்கு வந்த வரலாறு, பிறமொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு மிகவும் உரியது.

தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல், 1578-இல், நம் இருப்புப்பாதையில் வடக்கே உள்ள கொல்லத்தில் வெளிவந்தது. அது கிறிஸ்தவ சமயப் போதனை நூல். ஏசுவின் உவமைகள் தமிழில் அச்சேற மேலும் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியராகிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-இல் அச்சேறத் தொடங்கி, 1715-இல் முற்றுப்பெற்றது. லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலுள்ள இவ்வுவமையும் அதனுடன் அச்சுருப் பெற்றது.

பின்னர் இதற்கு மற்றொரு பணியும் வாய்த்தது. 1894-இல் கிரியர்சன் துரை தொடங்கிய இந்திய மொழிகளின் ஆய்வில், மொழிகளை ஒப்பிட இக்கதையையே மாதிரியாகக் கொண்டனர். மூவிடப் பெயர்களும், வேற்றுமைகளுட் பெரும்பாலனவும், முக்காலமும் இதில் அடங்கியிருந்தமையே காரணம். இந்தியர் மனம் கோணாவண்ணம் சில சொற்களை மாற்றியும் கொண்டனர். 1906-இல் வெளிவந்த திராவிட மொழித் தொகுதியில் தமிழ்க் கெட்ட குமாரனும் இடம்பெற்றான்.

கதை யாவரும் அறிந்ததே. இளையவன் தன் பங்கைப் பெற்றுத் தூரதேசம் சென்று அழித்தான். பஞ்சத்தில் பன்றி மேய்த்தான். புத்தி தெளிந்து மீண்டான். அவன் தூரத்தில் வரும்போதே தந்தை கண்டு, ஓடிச்சென்று தழுவினார். விருந்தொலி கேட்ட மூத்தவனோ சினந்து வெளியே நின்றான். தந்தை அவனையும் வெளியே வந்து வருந்தி அழைத்தார். அவன் உள்ளே சென்றானா என்பதை ஏசுபிரான் கூறவில்லை.

இவ்விடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் மகன் மலையாளம் கலந்து தமிழ் பேசுகையில், “தமிழனுக்குப் பிறந்தவனா நீ?” என்று பலமுறை கடிந்துள்ளேன். அவன் திருந்தினானல்லன், என் முன் தமிழ் பேசுவதையே குறைத்துக்கொண்டான். தந்தையாகிய நான் மூத்த குமாரனாய் வெளியே நின்றேன் என்பது பிற்பாடே விளங்கிற்று. இப்பொழுது இரவுதோறும் அவனருகே அமர்ந்து ஒரு பக்கம் தமிழ் வாசிக்கிறோம். அவன் தடுமாறுமிடத்தில் நான் காத்திருக்கிறேன்.

அயலாராகிய சீகன்பால்கு மணலில் தவறித் தவறி எழுதியே தமிழ் கற்றார். நம் மக்கள் தடுமாறுவதில் நாணம் என்ன? தூரத்தில் வரும்போதே ஓடிச்சென்று அவர்களைத் தழுவுவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!