அழையாத ஜன்னல்

குற்றாலத்தில் சாரல் கட்டினால், பேரருவியில் காவல் நிற்பவரின் கண் பாதுகாப்பு வளைவின் மேல் இருக்க வேண்டும். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் விசில் பறக்கும், கூட்டம் கரையேறும்.

கம்ப்யூட்டருக்கும் இப்படியொரு காவல் தேவை என்பதைச் சென்ற ஆனியில் தென்காசியில் கற்றுக்கொண்டேன். பல இடங்களில் கிடந்த என் பழைய கதைகளைத் திறந்து, ஒரே இடத்தில் புது வடிவில் சேமிக்க மருமகன் ஒரு நிரல் எழுதித் தந்தான். இரவில் ஓடவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் மூன்றாவது கோப்பிலேயே நிற்கிறது! நடுவே ஒரு ஜன்னல்: "இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, அழித்து எழுதவா?"

வியாதி பழையது. 1979-இல் யூனிக்ஸில் 'யெஸ்' என்றொரு கட்டளை வந்தது. எதைக் கேட்டாலும் 'ஆம்' போட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் உத்தியோகம். 1999-இல் ஆட்டோஇட் பிறந்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஆளில்லாமல் தயார்செய்வதே அதன் நோக்கம். பின்னால் அதில் 'அட்லிப்' என்ற ஏற்பாடு அமைந்தது. பிரதான வேலைக்கு நடுவிலேயே, வழக்கமாக 250 மில்லி விநாடிக்கு ஒரு முறை, நாம் எழுதி வைத்த காவல் எட்டிப் பார்க்கும். தெரிந்த ஜன்னலானால் மூடலாம். தெரியாததானால் குறித்துவைத்து நிறுத்தலாம்.

"எல்லாத்துக்கும் 'ஆம்' போட்டுரட்டுமா, மாமா?" என்றான் மருமகன்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாவல்களுக்கும் 'முதல் அத்தியாயம்' என்றே பெயர் வைத்திருக்கிறேன்! 'ஆம்' என்றிருந்தால் ஒன்று அருவியோடு போயிருக்கும்.

"வேண்டாமப்பா, விசில் ஊதுகிற ஆளையே நிறுத்து" என்றேன்.