மாருதி 800: இரண்டாம் கையில் வந்த முதல் கார்

ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது "உங்க முதல் கார் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "மாருதி" என்பார்கள். மாருதியில் எது என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களுக்கு மாருதி என்றால் 800 மட்டும்தான். மற்றதெல்லாம் ஆம்னி, ஜென், எஸ்டீம் என்று தனித்தனிப் பெயரில் வந்தவை. கம்பெனி பெயரையே தனக்கென்று எடுத்துக்கொண்ட அந்தக் காரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நான் படிப்பது பி.காம். ஆகவே நடுநடுவே கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

800 வருவதற்கு முன்னால் இந்தியாவில் கார் வாங்குவது என்பது கிட்டத்தட்ட ரேஷன் மாதிரி. யார் எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கே லைசென்ஸ். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் (பிற்பாடு அதுவே பிரீமியர் பத்மினி), நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அவ்வளவுதான். ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸல் 1977-லேயே நின்றுவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஒரு வருடத்துக்கு விற்ற கார்கள் நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டி இல்லாத சந்தையில் தயாரிப்பாளர் ஏன் மெனக்கெட வேண்டும்? இதை எகனாமிக்ஸ் பேப்பரில் எழுதினால் பத்து மார்க், வாழ்ந்து பார்த்தவர்களுக்கோ தலையெழுத்து.

இந்தச் சூழலில்தான் சஞ்சய் காந்தி வருகிறார். இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து, முடிக்காமல் திரும்பியவர். வருடத்துக்கு 50,000 சின்னக் கார்கள் தயாரிக்க 1970-ல் அவருக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. அப்போது பிரதமர் அவருடைய அம்மா. ஹரியானாவில் குர்கானுக்குப் பக்கத்தில் சுமார் 300 ஏக்கர் நிலமும் கிடைத்தது. 1971-ல் மாருதி லிமிடெட் தொடங்கப்பட்டது. ஆனால் ஊருக்குள் ஓடுகிற மாதிரி கார் வரவேயில்லை. எமர்ஜென்சி முடிந்து 1977-ல் ஆட்சி மாறியதும் மாருதி விவகாரத்தை விசாரிக்க நீதிபதி ஏ.சி. குப்தா கமிஷன் போட்டார்கள். 1978-ல் கோர்ட் உத்தரவில் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். 1980 ஜூனில் சஞ்சய் விமான விபத்தில் இறந்துபோனார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. மறுபடி ஆட்சிக்கு வந்திருந்த இந்திரா அந்த ஆண்டே கம்பெனியை அரசுடைமை ஆக்கினார். 1981-ல் மாருதி உத்யோக் லிமிடெட் பிறந்தது. மகனின் கனவுக்கு மக்கள் பணமா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். பின்னால் கார் நன்றாக ஓடியது என்பதால் அந்தக் கேள்வி தப்பாகிவிடாது.

ஆனால் அதைப் பொறுப்பேற்றவர்களை மெச்சாமல் இருக்க முடியவில்லை. தலைவராக வந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி, நம்ம தமிழ்நாட்டுக்காரர், பெல் நிறுவனத்தை நடத்திக் காட்டியவர். கூடவே ஐ.ஏ.எஸ்.ஸிலிருந்து வந்த ஆர்.சி. பார்கவா. இவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு பேசிப் பார்த்து, கடைசியில் 1982 அக்டோபரில் சுசூகியோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பானில் சுசூகி அப்போது டொயோட்டா, நிசான் முன்னால் பொடியன். பொடியன் என்பதாலேயே துணிந்தது என்பது என் கணிப்பு. அதற்கு 26 சதவீதப் பங்கு, மீதி அரசிடம். மேனேஜரும் தொழிலாளியும் ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன் என்ற ஜப்பான் பழக்கத்தையும் குர்கானுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு கம்பெனியில் இதை நினைத்துப் பாருங்கள்!

1983-ல் முன்பதிவு. பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். நூறு கோடிக்கு மேல் அட்வான்ஸ், ஒரு கார் கூட வெளியே வராத நிலையில்! பேலன்ஸ் ஷீட்டில் இது பொறுப்புகள் பக்கம் வரும் என்றாலும், இதைவிடப் பெரிய சொத்து ஒரு புதுக் கம்பெனிக்கு வேறென்ன இருக்க முடியும்?

1983 டிசம்பர் 14. சஞ்சயின் பிறந்தநாளாகப் பார்த்து வைத்தார்கள். குலுக்கலில் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவருக்கு இந்திரா முதல் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். அம்பாசடர் ஓட்டியவர்கள் "தீப்பெட்டி" என்று சிரித்தார்கள். ஆனால் அந்தத் தீப்பெட்டி காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது, மேட்டில் புகையவில்லை, பெண்கள் கூட நோகாமல் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது. 1986-ல் உருவம் மாறி, இன்று நாம் 800 என்று நினைக்கும் அந்த முகம் வந்தது.

இதைத்தான் "மக்கள் கார்" என்று எழுதுகிறார்கள். இங்கேதான் எனக்கு ஒரு சின்ன முரண்பாடு.

ஆரம்ப விலை வரிகளெல்லாம் சேர்வதற்கு முன் 47,500 ரூபாய். என் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார், அந்த வருடம் அவருக்குச் சம்பளம் ஆயிரத்துச் சொச்சம். முன்பதிவுத் தொகை மட்டுமே ஒன்பது, பத்து மாதச் சம்பளம். சோறு தண்ணி இல்லாமல் சேர்த்தாலும் முழுக் காருக்கு நாலு வருடம் ஆகும். தாத்தா சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார், ரிட்டயர் ஆகும்வரை. ஆக 1983-ன் மக்கள் கார் வேறு மக்களுக்கானது: டாக்டர், அதிகாரி, வியாபாரி.

பிறகு எப்படி எங்கள் மாதிரி வீடுகளுக்கு வந்தது? பழைய கார் சந்தை வழியாக. என் கணக்கில் 800-ன் உண்மையான சரித்திரம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் புத்தகங்களில் குர்கான் தொழிற்சாலையோடு நிறுத்திவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் தாராளமயம் வந்தது, கடன் சுலபமானது, தவணை கட்டத் தெரிந்தவர்கள் புதுக் கார் வாங்கினார்கள். 1998-ல் சான்ட்ரோவும் மாட்டிஸும் வந்தபோது வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கம் தாவினார்கள். 2000-ல் மாருதியே ஆல்டோவை இறக்கியது. அவர்கள் கழற்றிவிட்ட 800-கள் எல்லாம் சின்ன ஊர்களுக்கு இறங்கி வந்தன. ஓடியது எல்லாம் ஒரே மாதிரி வண்டி என்பதால் எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி. ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். 2001-ல் கம்பெனியே ட்ரூ வேல்யூ என்று பழைய கார் வியாபாரத்தில் இறங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், பணம் எங்கே இருந்தது என்று.

எங்கள் வீட்டுக்கு வந்தது 2011-ல். 1998 மாடல், வெள்ளை, ஆர்.சி. புக்கில் எங்கப்பா மூன்றாவது ஓனர். 68,000 ரூபாய். ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு ஏறக்குறைய நாலு மாத வருமானம். தாத்தாவுக்கு நாலு வருடம், அப்பாவுக்கு நாலு மாதம்! எனக்கு அப்போது எட்டு வயசு. ஏ.சி. கிடையாது, இடது பக்கம் கண்ணாடி கிடையாது. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து வைத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், அந்தச் சோக்கை இழுக்கும் வேலை எனக்கு. அதற்காகவே சீக்கிரம் எழுந்திருப்பேன். சாத்தூர் பக்கம் குலசாமி கோவிலுக்கு அதில் எட்டுப் பேர் போயிருக்கிறோம். நான் அத்தை மடியில், என் மடியில் பொங்கல் பானை. தாத்தா முன் சீட்டில் வேஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார். 2013-ல் ராத்திரி ஒரு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் அந்த வண்டியில்தான் மதுரைக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அப்பாவுக்கு வண்டி மேல் அப்படி என்ன பாசம் என்று யாராவது கேட்டால் அம்மா இதைச் சொல்லமாட்டாள், "அவருக்கு வேற வேலை இல்ல" என்பாள்.

ஒரு லட்சத்துக்குப் புத்தம்புது நானோ 2009-லேயே வந்துவிட்டதே, அதை ஏன் வாங்கவில்லை என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அது ஏழைக்குன்னு சொல்லி வித்த கார்டா. இது டாக்டர் ஓட்டுன கார்" என்றார். மார்க்கெட்டிங் பாடத்தில் நானோவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானோ தயாரிப்பு 2018-ல் நின்றது.

800-க்கு முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. புதிய புகை விதிமுறைகளுக்கு ஏற்ப எஞ்சினை மாற்றாமல், 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அதே வருடம் அம்பாசடரும் நின்றது, ஒரு காலத்தில் "தீப்பெட்டி" என்று சிரித்தவர்களுக்கும் சிரிக்கப்பட்டவர்களுக்கும் ஒரே வருடத்தில் விடை. அரசாங்கம் இதற்கு முன்பே விலகிவிட்டது. 2003-ல் ஒரு பங்கு 125 ரூபாய் என்று பொதுமக்களுக்கு விற்று, 2007-ல் மிச்சத்தையும் விற்று முழுசாக வெளியே போனது. எங்கள் 800 வாங்கிய 68,000-க்கு 2003-ல் அந்தப் பங்குகளை வாங்கியிருந்தால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். "பங்குல ஏறி குலசாமி கோவிலுக்குப் போயிருப்பியா?" என்றார்.

2018-ல் வண்டியை விற்றோம். வாங்கியவர் பக்கத்து ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், ஆர்.சி. புக்கில் நாலாவது பெயர், அவருக்கும் அதுதான் முதல் கார். 42,000 கொடுத்தார். ஏழு வருடத்தில் 26,000 தேய்மானம், நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 3,714 ரூபாய், மாதத்துக்கு 310 ரூபாய். வீட்டுக்கு எங்கள் கேபிள் டிவி கட்டணம் அதை ஒட்டித்தான் வந்தது.