அப்பத்தாவின் வடிகட்டுத் துணி

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தந்தது ஊருணி. கார்த்திகையில் ததும்பி நிற்கும்; சித்திரையில் அடிமண்டியாகக் கிடக்கும். அப்பத்தா குடத்தின் வாயில் பழைய கண்டாங்கிக் கிழிசலை நாலாய் மடித்துப் போட்டு, அதன் வழியாகத்தான் தண்ணீரை மொண்டு ஊற்றுவாள். வீட்டுக்கு வந்ததும் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்து மூடி வைப்பாள். விடிந்து பார்த்தால் சேறெல்லாம் அடியில். மேலே பளிங்குத் தண்ணீர். அந்தக் கொட்டை ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பல்ல. கலங்கியிருந்த ஒரு பெண்ணின் உள்ளம் தெளிந்ததற்குக் கலித்தொகையே அதை உவமை காட்டுகிறது.

1963-ல் நான் மதுரையில் கல்லூரி மாணவன். தாவரநூல், விலங்குநூல் எல்லாம் கரைத்துக் குடித்த மிதப்பு!

"அப்பத்தா, உன் துணியில கிருமி நிக்காது. காய்ச்சித்தான் குடிக்கணும்."

"காய்ச்சுறதுக்கு உங்கப்பனை ஒரு காடு வாங்கித் தரச் சொல்லு, ராசா."

தோற்றுப்போக மனமில்லை எனக்கு. "வடிகட்டித்தானே குடிச்சா சின்னத்தை? அப்புறம் ஏன் வாந்திபேதியில போனா?" என்று கேட்டுவிட்டேன். நான் பிறப்பதற்கு முன்பே, பத்து வயதில் போனவள் அத்தை. அப்பத்தா பதில் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் உலர்த்திவிட்டு உள்ளே போனாள். விவாதத்தில் ஜெயித்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

என் கட்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தபோது, ஜனங்கள் குடித்துப் புழங்கிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறுதான் அந்தக் கிருமி. நாலாய் மடித்த பழஞ்சேலையின் கண்ணோ இருபது கூறு அகலம். கோபுர வாசலில் எறும்பு நுழைகிற கதைதான்.

ஆனால் துணிக்கும் ஒரு கட்சி இருந்தது. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய், தமிழ்நாட்டிலும் இருந்ததுதான். காலில் கொப்புளம் கண்டு, அதிலிருந்து மூன்றடி நீளம் வரை புழு வெளியே வரும். அறுந்துவிடாமல் நாள்கணக்கில் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். காலோடு தண்ணீரில் இறங்கினால் புழு அங்கே குஞ்சுகளைக் கொட்டும். அவற்றை விழுங்கிய சிறு நீர்ப்பூச்சியை மனிதன் குடிக்கிறான். ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவன் காலில் கொப்புளம். பூச்சிக்குள் குஞ்சு புகும் ரகசியத்தை 1870-ல் துருக்கிஸ்தானத்தில் கண்டறிந்தவர் பெட்சென்கோ என்ற ருஷியர். அந்தப் பூச்சி ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். துணியில் தாராளமாகத் தங்கிவிடும்! இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல், ராஜஸ்தானத்தில். படிக்கிணறுகளை மாற்றியதோடு, வீட்டுக்கு வீடு தண்ணீரை வடிகட்ட வைத்ததும் அந்த நோயை ஒழித்த வேலைகளில் ஒன்று.

காலரா விஷயத்திலாவது நான் ஜெயித்தேனா? அதுவும் நிலைக்கவில்லை. காலராக் கிருமிகள் நீரில் தனியாக மட்டும் திரிவதில்லை. இதே போன்ற நீர்ப்பூச்சிகளின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. வாகனத்தைப் பிடித்தால் ஏறியிருப்பவனும் அகப்படுவான் அல்லவா? ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வங்காளதேச நிபுணர்களோடு சேர்ந்து, மட்லப் வட்டாரத்தில் 65 கிராமங்களில் இதைச் சோதித்தார். அங்கேயும் காய்ச்ச விறகுக்குப் பஞ்சம். எனவே சேலையை நாலாய் மடித்து வடிகட்டச் சொன்னார்கள். 2003-ல் முடிவு வெளிவந்தது: அப்படி வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது.

48 சதவீதம். நூறு அல்ல. சின்னத்தை மீதியில் சேர்ந்தவள். ஆனால் அவளுக்கு முன்னும் பின்னும் அந்தத் துணி எத்தனை பேரைக் காப்பாற்றியதோ, யார் எண்ணிப் பார்த்தார்கள்?

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு செய்தியும் உண்டு. புதுச் சேலையைவிடப் பழஞ்சேலைதான் நன்றாக வடிகட்டுமாம். துவைத்துத் துவைத்து நூலிழைகள் பிரிந்து பருத்து, துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. முதல் சம்பளத்தில் நான் அப்பத்தாவுக்குத் தண்ணீர் வடிகட்டவென்று இரண்டு கஜம் மல் துணி வாங்கிப் போனேன். தடவிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் ஊருணிக்குப் பழைய கண்டாங்கிக் கிழிசலோடுதான் போனாள்.