தோட்டா உறையின் கொள்ளளவு

தோட்டா உறையின் கொள்ளளவு என்பது துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறைக்குள் அமைந்த வெற்றிடத்தின் அளவு ஆகும். சுட்ட உறையில் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் நிரப்பும்போது, உள்ளே எழும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் இதுவும் ஒன்று.

அளக்கும் முறை

சுடப்பட்ட, எரியூட்டி நீக்கப்படாத உறை முதலில் வெறுமையாக நிறுக்கப்படும். பின்னர் விளிம்பு வரை நீர் நிரப்பி மீண்டும் நிறுக்கப்படும். இவ்விரு எடைகளின் வேறுபாடே கொள்ளளவு ஆகும். இது கிரெயின் என்னும் அலகில் கூறப்படும். ஒரு கிராம் என்பது 15.43 கிரெயின் ஆகும். .303 பிரித்தானியத் தோட்டா உறையின் கொள்ளளவு ஏறத்தாழ 56 கிரெயின் நீர், அதாவது சுமார் 3.6 மில்லிலீட்டர்.

முக்கியத்துவம்

ஒரே வகைத் தோட்டாக்களின் வெளி அளவு ஒன்றாக இருப்பினும், சுவரின் தடிப்பு தயாரிப்பாளருக்கு ஏற்ப வேறுபடும். பித்தளையின் அடர்த்தி மில்லிலீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். எனவே ஓர் உறை 0.85 கிராம் கூடுதல் எடை கொண்டிருந்தால், அதன் உள்ளிடம் சுமார் 0.1 மில்லிலீட்டர் குறைந்திருக்கும். இடம் குறையும்போது அழுத்தம் விரைந்து உயர்கிறது. அழுத்தம் உயர்வதால் மருந்து மேலும் விரைவாக எரிகிறது. ஆகவே ஓர் உறைக்குப் பொருந்திய மருந்தளவு, கொள்ளளவு குறைந்த மற்றோர் உறையில் துப்பாக்கியைப் பிளந்து, சுடுபவரைக் காயப்படுத்தக்கூடும்.

வரலாறு

திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்கள் 1799, 1801 ஆம் ஆண்டுப் போர்களில் பயன்படுத்திய துப்பாக்கிகளில் உலோக உறை இல்லை. மருந்தும் குண்டும் குழல்வாய் வழியே இடப்பட்டன. மருந்தின் அளவு சுடுபவரின் கையில் இருந்தது. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டபோது, உலோக உறைத் தோட்டாக்கள் உலகெங்கும் பரவியிருந்தன.

1888 இல் அறிமுகமான .303 தோட்டாவில் சுமார் 70 கிரெயின் கருமருந்து அழுத்தி நிரப்பப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் புகை குறைந்த கார்டைட் வந்தபின் சுமார் 31 கிரெயினே போதுமானதாயிற்று. கார்டைட் இழைகள், உறையின் கழுத்து ஒடுக்கப்படும் முன்னரே உள்ளே வைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 2021 முதல் இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

சட்டநிலை

இந்தியாவில் படைக்கலச் சட்டம், 1959 இன்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரித்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.