குப்பி விளக்கும் கேம்பிரிட்ஜ் பரீட்சையும்



சென்ற மாதம் ஓர் இரவு பத்து மணிக்கு என் மகள் கோப்பிக் குவளையோடு மேசையில் வந்து அமர்ந்தாள். "அப்பா, நாளைக்குக் கடைசிப் பரீட்சை. விடிய விடிய வாசிக்கப் போறன்" என்றாள். அவளுடைய குறிப்புகளில் மஞ்சள் மை படாத வரியே இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கிடைத்திருந்தால் முப்பது வருடங்களுக்கு முன் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டுக் கொளுத்துவோம். நானும் ஒரு நண்பனும் வணிகமாணிப் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். எண்ணெயை மிச்சம் பிடிக்க ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து விடுவோம். பிறகு இருட்டில் அவன் கிரயக் கணக்கீட்டில் கேள்வி கேட்பான், நான் பதில் சொல்வேன். வணிகச் சட்டத்தில் நான் கேட்பேன். தெரியாததை விடிந்ததும் பார்ப்போம். பரீட்சைக்கு முன் மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்றும் 'குப்பி' என்றே சொல்கிறார்கள். குப்பி விளக்கு தந்த பெயர் அது. அந்நாட்களில் நாங்கள் அதை வசதியற்றவர்களின் படிப்பு என்றே நினைத்தோம்.

பரீட்சைக்குத் தயார்படுத்துவதை ஒரு தொழிலாகவே வளர்த்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். லத்தீனில் வாதிடும் வாய்மொழிப் பரீட்சை 18ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல எழுத்துப் பரீட்சையாக மாறியது. கணிதத்தில் முதலாவதாக வருபவருக்கு 'சீனியர் ராங்லர்' என்று பட்டம். பெறும் இடத்தைப் பொறுத்தே எதிர்காலம் என்றானதும், மாணவர்கள் கைக்காசு கொடுத்துத் தனியார் பயிற்றுநர்களிடம் போனார்கள். வில்லியம் ஹொப்கின்ஸ் என்பவரிடம் படித்தவர்களில் 17 பேர் 1849ஆம் ஆண்டளவில் முதலிடம் பெற்றிருந்தார்கள். அவருடைய மாணவர் எட்வர்ட் ரௌத் 1854இல் முதலாவதாக வந்தார். இரண்டாமிடம் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல்லுக்கு! ரௌத்தும் பின்னர் பயிற்றுநரானார். முப்பது வருடங்களுக்கு மேலாக 600க்கும் அதிகமானோருக்குக் கற்பித்தார். அவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்லர்கள். கணக்காளன் என்பதால் இந்த எண்களை இரண்டு தரம் பார்த்தேன். அவர் பாடம் சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. வாரந்தோறும் ஒரு வினாத்தாள் கொடுத்து, புள்ளிகளை எல்லோரும் காண வைத்தார்.

அதே பரீட்சை மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்திய ஜி. எஸ். கார் 1880களில் ஒரு நூல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிறுவல்களோ மிகக் குறைவு. மீட்டிப் பார்க்கவென எழுதிய அந்த நூல் 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் சிறுவன் இராமானுஜனிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தான். அந்தப் பையன் மற்றப் பாடங்களைக் கவனியாமல் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியதும், 1916இல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றதும் நீங்கள் அறிந்த கதை.

ஜேர்மன் அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து அளந்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே நாளில் 68 தரம் படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தரத்திலேயே கிடைத்தது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களைக் கொண்டு இன்னொன்றைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதியவர்களே முன்னால். வாசித்த கையோடு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

இதைப் படித்தபோது அந்த நண்பனை நினைத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதன் பிறகு அவனை நான் காணவில்லை. தொழில் தொடங்கி இத்தனை வருடமாகியும் கிரயக் கணக்கீட்டில் அவன் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது. இரவிரவாகத் தனியே வாசித்துத் தேறிய பாடங்களின் பெயர்கூட இன்று ஞாபகமில்லை.

"குறிப்பை இங்கே தா பிள்ளை, நான் கேட்கிறன்" என்றேன். "உங்களுக்கு உயிரியல் தெரியாதே அப்பா" என்றாள். கேட்பதற்கு எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பதினொன்றரை வரை கேட்டேன். தடுமாறிய ஐந்து கேள்விகளைத் தனித்தாளில் எழுதி வைத்துவிட்டு அவளைப் படுக்க அனுப்பினேன். காலையில் பஸ் ஏறுமுன் அந்த ஐந்தையும் மறுபடி கேட்டேன். மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள்.